காணாமல் போன பதிவுகளைத் தேடி: சிக்ராக்-சிஎல்ஐயோடு ஒரு அனுபவம்

ஒரு டேட்டா லாகரைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் வெப்பநிலையைப் பதிந்துகொண்டே இருக்கும். கதவு சென்சார் திறந்தால் அதையும் தனிப் பதிவாக எழுதும். எழுதுகிற இடம், டிஎஸ்3231 கடிகார மாட்யூலிலேயே சேர்ந்து வரும் ஏடி24சி32 ஈஈப்ராம், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சிப். புகார் ஒன்றே ஒன்றுதான்: எப்போதாவது ஒரு கதவுப் பதிவு காணாமல் போகிறது. நாள் முழுக்க மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. விட்டுவிட்டுப் போய், பிறகு நினைவகத்தை மொத்தமாகப் படித்தால் எங்கோ ஒரு இடத்தில் ஓட்டை இருக்கும்.

நிரலை வரி வரியாகப் படித்ததில் சந்தேகங்கள் வந்தன, ஆதாரம் வரவில்லை. சிப்கள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் ஐ2சி பஸ்ஸில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கம்பிகளின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் லாஜிக் அனலைசர் வேண்டும், அது மணிக்கணக்கில் ஆளில்லாமல் ஓடவும் வேண்டும். பல்ஸ்வியூ போன்ற வரைகலை மென்பொருள் அழகாக அலைகளைக் காட்டும்தான். ஆனால் லாகருக்குப் பக்கத்தில் திரையில்லாத, ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினியை மட்டும் விட்டுவைக்க முடிகிற இடத்தில் அது உதவாது. அதனால் அதே சிக்ராக் குடும்பத்தின் கட்டளை வரி வடிவமான சிக்ராக்-சிஎல்ஐயை எடுத்தேன்.

கருவி, எட்டு சானல் கொண்ட மலிவான வகை. உள்ளே சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப் இருக்கும். இந்தச் சிப்புக்கு ஒரு விசித்திரம் உண்டு: தன்னை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரை அது நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஏற்றிவிட வேண்டும். சிக்ராக்கின் எஃப்எக்ஸ்2-எல்ஏஎஃப்டபிள்யூ டிரைவர் தேடும்போது ஃபர்ம்வேரை அனுப்புகிறது. உடனே சாதனம் யுஎஸ்பியிலிருந்து ஒரு கணம் மறைந்து, வேறு அடையாள எண்ணோடு திரும்பி வருகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது கருவி பழுதானதுபோலத் தெரியும். கவலைப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும்.

என் விஷயத்தில் திரும்பி வரவே இல்லை. ஸ்கேன் கட்டளை எதையும் சொல்லாமல் முடிந்துபோனது. இங்கே கைகொடுத்தது லாக் அளவு. வழக்கமாக 2 என்று இருக்கும் அதை 4 ஆக உயர்த்தினால் சிக்ராக்-சிஎல்ஐ தான் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பிக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் அது தனித் தொகுப்பாக இருக்கிறது. அதை நிறுவிய பிறகு அடுத்த சுவர், அனுமதி. நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டால் வேலை செய்தது, போடாவிட்டால் இல்லை. சிலர் இந்த இடத்தில் சுடோவோடு நிறுத்திக்கொள்வார்கள். இரவெல்லாம் ஓடப்போகிற ஸ்கிரிப்டை ரூட் உரிமையோடு விட எனக்கு மனமில்லை. யார் எந்தச் சாதனத்தைத் தொடலாம் என்று சொல்லும், சிக்ராக்கோடு வரும் யுடெவ் விதிக் கோப்புகளைச் சரியான இடத்தில் வைத்து, கருவியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். சாதாரணப் பயனராகவே எட்டு சானலும் தெரிந்தன.

கட்டளையின் விருப்பங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு வேலை செய்கின்றன. சின்ன சி என்றால் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை அளப்பது) போன்ற அமைப்பு, பெரிய சி என்றால் சானல்கள். சின்ன ஓ வெளியீட்டுக் கோப்பின் பெயர், பெரிய ஓ அதன் வடிவம். பெரிய பி, அலைகளை அர்த்தமுள்ள வரிகளாக மாற்றும் டிகோடரை அழைக்கும், பெரிய ஏ அதன் பேச்சில் எதைக் காட்ட வேண்டும் என்று வடிகட்டும். கையில் கருவி இல்லாதவர்கள் டெமோ என்ற டிரைவரை வைத்து இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பொய்யான அலைகளைத் தானே உருவாக்கித் தரும்.

வயரிங் எளிது. அனலைசரின் டி0 எஸ்சிஎல் என்ற கிளாக் கோட்டுக்கு, டி1 எஸ்டிஏ என்ற டேட்டா கோட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. ஆனால் அந்தக் கிரவுண்ட் வயரை ஏனோதானோ என்று விடக்கூடாது. சிக்னல் வயர்களைவிட அது நீளமாக எங்கோ சுற்றிப் போனால், ஒரு கோட்டின் அசைவு மற்றொன்றில் தெரியத் தொடங்கும். ஐ2சியில் கிளாக் உயரமாக இருக்கும்போது டேட்டா கீழே இறங்கினால் அதற்கு ஸ்டார்ட், அதாவது பரிமாற்றத் தொடக்கம் என்று அர்த்தம். எனவே ஒரு சின்னத் துடிப்பு போதும், டிகோடர் இல்லாத ஒரு ஸ்டார்ட்டைக் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று: அனலைசரின் கிரவுண்ட் யுஎஸ்பி வழியாகக் கணினியின் கிரவுண்டோடு நேராக இணைந்திருக்கிறது. மெயின்ஸ் மின்சாரத்தோடு தனிமைப்படுத்தாமல் இணைந்த சர்க்யூட்டில் இதை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

அடுத்தது சாம்பிள் ரேட். கருவி 24 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் அதிலேயே வைக்கத்தான் கை போகும். ஆனால் இந்த வகைக் கருவிக்குச் சொந்தமாகப் பெரிய நினைவகம் கிடையாது. எடுப்பதை எடுத்த மாத்திரத்தில் யுஎஸ்பியில் தள்ளிக்கொண்டே இருக்கும். எட்டு சானலுக்குச் சாம்பிள் ஒன்றுக்கு ஒரு பைட், ஆக விநாடிக்கு 24 மெகாபைட். நீங்கள் இரண்டு சானல் மட்டும் கேட்டாலும் கம்பியில் வருவது முழு பைட்தான். சின்னக் கணினியால் ஒரு கணம் ஈடுகொடுக்க முடியாவிட்டால் பதிவு பாதியில் நின்று, கருவி இத்தனை சாம்பிள்தான் அனுப்பியது என்று ஒரு வரி வரும். கவனிக்காவிட்டால் முழுப் பதிவு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. பஸ் ஓடுவது 100 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒரு பிட் 10 மைக்ரோசெகண்ட். 1 மெகாஹெர்ட்ஸில் எடுத்தால் பிட்டுக்குப் பத்து சாம்பிள், தாராளம். இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு: டிகோடரிடம் சாம்பிள் எண்ணையும் அச்சிடச் சொன்னால், அந்த எண்ணே மைக்ரோசெகண்ட் கணக்காகிவிடுகிறது. கழித்துப் பார்த்தால் இடைவெளி கிடைத்துவிடும், பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். 400 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸாக இருந்திருந்தால் 4 மெகாஹெர்ட்ஸ் வைத்திருப்பேன்.

முதலில் ட்ரிகரை, அதாவது குறிப்பிட்ட சிக்னல் வந்ததும் பிடிக்கச் சொல்லும் வசதியை நம்பினேன். லாகரில் பயன்படாமல் கிடந்த ஒரு பின்னை, பதிவு காணவில்லை என்று நிரல் உணரும் இடத்தில் உயர்த்தச் செய்து, அந்த ஏறுமுகத்தை ட்ரிகராகக் கொடுக்கலாம் என்பது திட்டம். கேப்சர் ரேஷியோ என்ற அமைப்பு ட்ரிகருக்கு முந்தைய சாம்பிள்களையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். ட்ரிகருக்காகக் காத்திருக்கச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தால் மட்டும் முந்தைய பகுதி தூக்கி எறியப்படும், அதைத் தவிர்க்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிவு இல்லை என்பது தெரிய வருவது நினைவகத்தைப் படிக்கும்போது. எழுதத் தவறியது அதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பு. அவ்வளவு பின்னால் போய்ப் பார்க்க எந்த ட்ரிகராலும் முடியாது. எஸ்டிஏ இறங்கும்போது பிடி என்று சொல்லலாம்தான், ஆனால் அது ஒவ்வொரு சாதாரணப் பரிமாற்றத்துக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம்தான் வழி தெளிவானது. எதைத் தேடுகிறோம் என்பதைப் பிடிக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் அப்படியே பதிந்துகொள்வோம், அர்த்தம் பிரிப்பதைப் பிறகு நிதானமாகச் செய்வோம். சிக்ராக் இதற்காகவே செய்ததுபோல இருக்கிறது. பிடிக்கும்போதே டிகோடரையும் ஓட்ட முடியும், ஆனால் டிகோடர்கள் பைத்தானில் எழுதப்பட்டவை, சின்னக் கணினியில் மெதுவாகத்தான் ஓடும். அதைவிட மூல சாம்பிள்களைக் கோப்பில் வைத்துவிட்டு, அதே கோப்பைத் திரும்பத் திரும்ப உள்ளீடாகக் கொடுத்து வேறு வேறு கேள்விகள் கேட்பது எவ்வளவோ மேல்.

ஷெல்லில் ஒரு சின்னச் சுழற்சி எழுதினேன்: பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு, பெயரில் தேதியும் நேரமும். பத்து நிமிடம் என்றால் சுருக்காத நிலையில் 600 மெகாபைட். ஆனால் சிக்ராக்கின் எஸ்ஆர் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு, ஐ2சி கோடுகளோ பெரும்பாலான நேரம் சும்மா உயரத்தில் கிடப்பவை. அதனால் வட்டில் விழுவது அதில் சிறு பங்குதான். சந்தேகம் இருந்தால் அன்ஜிப் செய்து பாருங்கள். மெட்டாடேட்டா என்ற எழுத்துக் கோப்பில் சாம்பிள் ரேட்டும் சானல் பெயர்களும் கண்ணால் படிக்கும்படியே இருக்கும். ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எதுவும் பதிவாகாது. அந்த நேரத்தில் தவறு நடந்தால் தப்பிவிடும். அதை ஏற்றுக்கொண்டேன், கோப்பை நீளமாக வைத்ததே அந்த இடைவெளிகளைக் குறைக்கத்தான்.

இதே சிக்ராக்-சிஎல்ஐயால் சீரியல் வழி பேசும் மல்டிமீட்டரையும் படிக்கலாம், டிரைவர் பெயரையும் இணைப்பு விவரத்தையும் மாற்றினால் போதும். மின்னழுத்தம் சரிகிறதா என்று அப்படி ஒரு பக்கம் பதிந்து பார்த்தேன். கோடு 3.3 வோல்ட்டை விட்டு நகரவில்லை. விநாடிக்குச் சில அளவுகள் மட்டும் எடுக்கும் மீட்டர் மைக்ரோசெகண்ட் சரிவைக் காட்டாது என்பதால் அதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் கோப்புகளை வேகமான கணினிக்கு மாற்றி டிகோட் செய்தேன். கட்டளையில் எஸ்சிஎல் எது, எஸ்டிஏ எது என்று சொல்லி, பிட் பிட்டாக வரும் வரிகளை வெட்டிவிட்டு முகவரி, டேட்டா வரிகளை மட்டும் கேட்டேன். ஏக் என்றால் கிடைத்தது என்ற பதில், நாக் என்றால் அந்தப் பதில் இல்லை; இவையும் அந்த வரிகளோடு வரும். பிறகு கிரெப் என்ற தேடல் கட்டளையில் நாக் என்று தேடினேன். கொட்டோ கொட்டென்று கொட்டியது! காரணம் எளிது. ஐ2சியில் எதையாவது படித்து முடிக்கும்போது, போதும் என்று சொல்ல பஸ்ஸை நடத்தும் மாஸ்டரே கடைசி பைட்டுக்கு நாக் கொடுக்கும். கடிகாரத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரு நாக், எல்லாம் ஒழுங்கானவை. தேட வேண்டியது முகவரி வரிக்கு அடுத்தபடியாகவே வரும் நாக். ஆக் என்ற எழுத்துச் செயலாக்க மொழியில் ஒரு வரி எழுதி, முந்தைய வரியை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடச் செய்தேன். வெள்ளம் வடிந்து சில வரிகள் மட்டும் மிஞ்சின.

அந்த வரிகளின் சுற்றுவட்டாரத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. ஸ்டார்ட், எழுதும் முகவரி ஹெக்ஸ் 57, ஏக். இரண்டு பைட்டில் நினைவிடம், அதன்பின் வெப்பநிலைப் பதிவு, ஒவ்வொன்றுக்கும் ஏக், ஸ்டாப். சாம்பிள் எண்ணைப் பார்த்தால் ஒன்றரை ஆயிரம்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மறுபடி ஸ்டார்ட், மறுபடி 57. இந்த முறை நாக். ஸ்டாப். அவ்வளவுதான், லாகர் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அந்த இரண்டாவது எழுத்துதான் கதவுப் பதிவு.

ஈஈப்ராம் பேச மறுத்ததில் தவறில்லை. ஸ்டாப் வந்த பிறகுதான் அது டேட்டாவை உள்ளே நிரந்தரமாக எழுதத் தொடங்கும். அந்த நேரம் முழுக்க யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. ஏடி24சி32க்கு அந்த நேரம் அதிகபட்சம் 10 மில்லிசெகண்ட், புதிய வகைகளில் 5. வெப்பநிலைப் பதிவுகளுக்கு நடுவே நிறைய இடைவெளி இருப்பதால் அவை ஒருபோதும் மோதவில்லை. ஒரு வெப்பநிலைப் பதிவு முடிந்த அந்தச் சில மில்லிசெகண்டுக்குள் கதவும் திறந்தால் மட்டுமே மோதல். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஏன் அகப்படவில்லை என்பதும் புரிந்தது. நிரலில் எழுதும் செயற்கூறு தோல்வியைத் திருப்பித் தரத்தான் செய்கிறது, அழைத்த இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

திருத்தம் ஐ2சி ஈஈப்ராம் டேட்டாஷீட்டுகளில் வழக்கமாக இருக்கிற பழைய முறைதான்: ஏக் வரும்வரை முகவரியை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பது, வந்ததும் எழுதுவது. கண்ணை மூடிக்கொண்டு 10 மில்லிசெகண்ட் காத்திருப்பதும் வேலை செய்யும். ஆனால் அந்த நேரத்தில் இந்தச் சிப் எப்போது தயாராகிறது என்பதைப் பார்க்க எனக்கு ஆசை. கதவு சென்சாரின் இடத்தில் இன்னொரு போர்டை வைத்து, வெப்பநிலைப் பதிவு முடிந்த கையோடு ஒவ்வொரு முறையும் துடிப்பு வரும்படி செய்து, புதிய ஃபர்ம்வேரோடு மறுபடி பிடித்தேன். முதல் எழுத்தின் ஸ்டாப்புக்குப் பிறகு 57, நாக், 57, நாக் என்று முப்பதுக்குப் பக்கமாக வரிசை கட்டி நின்றன, பிறகு ஒரு ஏக், அதன்பின் கதவுப் பதிவு முழுதாக. ஸ்டாப்பிலிருந்து அந்த ஏக்குவரை எண்ணைக் கழித்தால் மூன்றரை மில்லிசெகண்ட் சொச்சம்.

ஒரு வேலை மிச்சம் வந்தது. பழைய ஆக் வரி இப்போது ஒவ்வொரு நல்ல எழுத்தையும் குற்றவாளியாகக் காட்ட ஆரம்பித்தது, முகவரிக்குப் பின் நாக் என்பது இப்போது இயல்பாகிவிட்டதே. அதனால் விதியை மாற்றினேன்: 57க்கு நாக் வந்து, அடுத்த 10,000 சாம்பிளுக்குள் அதே முகவரிக்கு ஏக் வராவிட்டால் மட்டும் கோப்பின் பெயரை அச்சிடு, மற்ற கோப்புகளை அழித்துவிடு. லாகர் இன்னும் அந்த ஸ்கிரிப்டோடுதான் ஓடுகிறது. இதுவரை எந்தக் கோப்பின் பெயரும் வரவில்லை.