பேட்டைக் கீழே போடு

போன செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி), கொருக்குப்பேட்டைப் பையன், பி.காம். மூன்றாம் ஆண்டு, பக்கத்தில் வந்து குந்தினான். "மாஸ்டர், உங்கள மாதிரி அசிஸ்டண்ட் கோச் ஆவணும்னா இன்னா படிக்கணும்?" என்றான். பதினான்கு வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

படிப்பைச் சொல்வது சுலபம். டிகிரி முடித்துவிட்டு பி.பி.எட்., அதாவது உடற்கல்விப் பட்டம், சேரலாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது, அங்கேதான் நான் படித்தேன். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) கோச்சிங் டிப்ளமாவும் இருந்தால் இன்னும் மதிப்பு.

வேலையைச் சொல்லத்தான் நேரமாகும். நம்ம பக்கத்துப் பையன்கள் எல்லாருமே கிரிக்கெட்டிலிருந்துதான் பேஸ்பாலுக்கு வருகிறார்கள். தண்டையார்பேட்டை சந்துகளில் ஆடி வளர்ந்தவனுக்குப் பந்தைப் பார்க்கிற கண் இருக்கும். ஆனால் அடித்ததும் பேட்டோடு ஓடுவான். முதல் இரண்டு மாதம் நான் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: "பேட்டைக் கீழே போடு!" அப்புறம், இடது கையில் கிளவுஸ் இருக்கும்போதே வலது கையை நீட்டிப் பந்தைப் பிடிப்பான். ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்ட லேட் கட்டும் கிளான்ஸும் இங்கே ஃபவுல், கோட்டுக்கு வெளியே போகிற அடி, அதில் ரன் ஓட முடியாது. அடித்தது கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஓடித்தான் ஆக வேண்டும். "நோ, வெயிட்" சொல்ல முடியாது. ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் 90 அடி தூரம். ஓடிவருகிறவன் பந்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, முதல் பேஸ் பக்கத்தில் நிற்கும் என் கையைத்தான் பார்க்க வேண்டும்.

யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது என்பதெல்லாம் பிசிக்கல் டைரக்டர் சார் முடிவு. மற்றது எல்லாம் அசிஸ்டண்ட். ஐந்தரைக்கு வந்து, கால்பந்துக்காரர்கள் விட்டுவைத்த பாதி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பேட்டிங் பயிற்சிக்குக் கை ஓயும்வரை பந்து எறிய வேண்டும். பிட்சர், அதாவது பந்து எறிகிறவன், எத்தனை பந்து போட்டான் என்று எண்ண வேண்டும்.

இந்த எண்ணுகிற வேலையை நான் ஒருமுறை சரியாகச் செய்யவில்லை. சேர்ந்த இரண்டாவது வருடம். ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சரின் முழங்கை தோளுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தது. களைத்துவிட்டான் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது. ஜெயித்துக்கொண்டிருந்தோம், சாரிடம் போய்ச் சொல்லத் தயங்கினேன். மேட்சை ஜெயித்தோம். அந்தப் பையன் அதற்கப்புறம் பந்து போடவே இல்லை. அன்றிலிருந்து சட்டைப் பையில் சின்ன நோட்டு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு. முழங்கை இறங்கினால் யார் கோபித்துக்கொண்டாலும் போய்ச் சொல்கிறேன்.

புதுப் பந்து வாங்க வருடத்துக்கு ஒருமுறைதான் பணம் வரும். அதுவரை பழையதை ஓட்ட வேண்டும். எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல், அதை மூடிப் பிடிக்கிற சிவப்பு நூல், 108 இரட்டைத் தையல். எங்கள் சரளை மண்ணில் முதலில் நூல்தான் அறும். பழைய வண்ணாரப்பேட்டையில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோவேன். இரண்டு ஊசி, மெழுகு தேய்த்த நூல். பழைய ஓட்டையிலேயே நுழைக்க வேண்டும்; புதுசாகக் குத்தினால் தோல் கிழிந்துவிடும். ஒரு பந்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முடித்ததும் கட்டை விரலால் தையலை நீவிவிட்டு, "கையில உறுத்துதா பாருப்பா" என்று நீட்டுவார். செருப்புத் தைத்த கை, உறுத்தக் கூடாது என்று நினைக்கிறது. "உறுத்தணும் பெரியவரே, அதுலதான் அவன் விரலு பிடிக்கும்" என்பேன். இப்போதெல்லாம் தையலைக் கொஞ்சம் புடைப்பாகவே விடுகிறார்.

ஆள் பிடிப்பதும் நம் வேலைதான். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்கள் 2008ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானார்கள். இரண்டு பேருமே அதற்கு முன் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். அதனால் தடகளத் தேர்வு நடக்கும்போது நான் ஈட்டிக்காரர்கள் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொகுப்பூதியம்தான், வருடத்தில் பத்து மாதம். ஒரு வருடம் ஐந்து மாதப் பணம் வரவில்லை. ராயபுரத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் என் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இன்றைக்கும் இந்தப் பயிற்சி முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பி.டி. பீரியட் எடுக்க ஓடுகிறேன். அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் பெரிய ஆட்டம். அங்கேயே முதல் டிவிஷனில் சம்பளம் வாங்குகிற அசிஸ்டண்ட் இரண்டு பேர்தான் இருக்கலாம், மூன்றாமவர் வாலண்டியர், சம்பளம் கிடையாது என்று அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதி வைத்திருந்தது. 2023 ஜூலை 1 முதல்தான் அதை எடுத்தார்கள். படித்தபோது, முகம் தெரியாத அந்த மூன்றாமவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது.

இவ்வளவும் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அவன் சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனாலும் வியாழக்கிழமை என் ஃபங்கோ பேட்டை அவன் கையில் கொடுத்தேன். பயிற்சியில் பந்தை உருட்டிவிடுவதற்கென்றே உள்ள பேட் அது, சாதாரண பேட்டைவிட நீளம், ஆனால் லேசு. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்புக்கு இரண்டடி இடது பக்கமாக உருட்டு என்றேன். பத்துப் பந்து எங்கெங்கோ போனது. பதினோராவது சரியாகப் போயிற்று, ஷார்ட் ஸ்டாப்தான் கோட்டை விட்டான். கேட்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கிளவுஸ தரையில வைடா, ஒண்ணும் ஆவாது, இன்னொண்ணு வர்து பாரு" என்று கத்திக்கொண்டே அடுத்த பந்தை எடுத்தான்.