மூட்டை இடுக்கில் ஒரு ஜோடிக் கண்

அரசலாற்றுப் பாலத்தடியிலிருந்து தூக்கி வந்த பூனை எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். கூடத்தில் விடவில்லை, பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கும் சின்ன அறையிலேயே வைத்தோம். முழு வீட்டையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் மிரண்டு போகும். ஒரு மூலையில் உப்பில்லாமல் அவித்த மத்தி, எதிர் மூலையில் பழைய டப்பில் ஆற்று மணல். சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மணலை வைத்தால் பூனைக்குப் பிடிக்காது.

அம்மா கிண்ணத்தில் பாலோடு வந்தார். வேண்டாம்மா என்றேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தண்ணீரே போதும்.

மூன்று நாள் முகமே காட்டவில்லை. நேற்று ராத்திரி தரையில் படுத்து, அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தேன். மூட்டை இடுக்கிலிருந்து அதுவும் அப்படியே மூடித் திறந்தது. சத்தியமாகத் தொண்டை அடைத்துவிட்டது. காலையில் தானாக வெளியே வந்து என் முந்தானையை மோந்து பார்த்தது. இடது காதில் கிழிசல், மூக்கு நுனியில் ஒட்டிய மணல்.

திங்கட்கிழமை கால்நடை மருத்துவரிடம் போகிறோம். குடற்புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி. உடம்பு தேறியதும் கருத்தடை.

பெயர்? அம்மா அதற்குள் ‘பொன்னி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.