நீர் இழியாத நீரிழிவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள்தோறும் காதில் விழும் கேள்வி: "நான் சர்க்கரையே சேர்த்துக்கிறதில்லை, எனக்கு எப்படி சுகர்?" குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. சாப்பிடாத இரவிலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை அடக்கிவைக்கும் இன்சுலின் சுரக்காவிட்டாலோ, சுரந்தும் எடுபடாவிட்டாலோ காலையில் வெறும் வயிற்றிலேயே அளவு ஏறியிருக்கும்.

நீரிழிவு என்பதும் முழு விளக்கமல்ல. இழிதல் என்றால் இறங்கி வழிதல், மானக்கேடு அல்ல. டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே வழிந்தோடுவது என்றுதான் பொருள். நோயின் முழுப்பெயர் டயாபடீஸ் மெல்லிடஸ்; மெல்லிடஸ் என்றால் தேன்போல் இனிப்பது. (இனிப்பே இல்லாமல் நீர் மட்டும் வழியும் டயாபடீஸ் இன்சிபிடஸ் வேறு நோய். குழப்பம் தாங்காமல் 2022-ல் அதற்கு, சிறுநீர் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோனை ஒட்டிப் புதுப்பெயர் முன்வைத்தார்கள்.)

குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் மீட்க முடியாமல் வெளியே விடும். அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகமும் இரவில் எழுந்து எழுந்து போவதும் அதனால்தான். ஆனால் வெறும் வயிற்றில் 126 எட்டினாலே நோய்க்கணக்கு. 140-இல் இருப்பவருக்கு நீரும் இழியாது, தாகமும் எடுக்காது, சிறுநீரில் சர்க்கரை "இல்லை" (nil) என்றே வரும். அந்தத் தாளை நம்பி நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து.

அறிகுறி இல்லாதவருக்கு ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. மறுபடி பார்க்க வேண்டும், அல்லது எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்தை எட்டுகிறதா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். எண்ணே தவறாகவும் வரலாம். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்னும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். 130-ஆக எடுத்த ரத்தம் சாதாரணக் குழாயில் இரண்டு மணி நேரம் கிடந்தால் 115 என்று காட்டும். நோய் காகிதத்தில் மறைந்துவிடும். சாம்பல் மூடிக் குழாயின் ஃப்ளூரைடு இதைத் தடுக்கும், ஆனால் முதல் ஓரிரு மணி நேரம் அதுவும் முழுதாகப் பிடிக்காது. குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் இன்னும் மோசம். சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றி, அணுக்களிலிருந்து பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரிப்பதே நல்லது.

வீட்டு மீட்டரில் தவறு எதிர்ப்பக்கமும் நேரலாம், எண் கூடிக் காட்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் ரத்தத்தோடு பழச்சாறும் சேர்ந்து அளக்கப்படும். ஸ்பிரிட் பஞ்சு போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். கழுவ வழியில்லையா, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை ஸ்டிரிப்பில் வையுங்கள்.