எங்கள் வரலாற்று சாரும் ஈ.பி. தாம்ப்சனும்

எண்பதுகளில் நாகர்கோவிலில் பி.ஏ. வரலாறு படித்த எங்களுக்கு மன்னர்கள் பெயரும் போர் நடந்த வருடமும் தெரிந்தால் போதும், பாஸ். எங்கள் சாருக்கு அது போதாது. இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் எழுதிய 'இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்' பாடத்திட்டத்திலேயே கிடையாது, ஆனாலும் கொண்டுவருவார். அவருடைய பெலிக்கன் பதிப்பு முதுகு ஒடிந்து மூன்று துண்டாகி, ரப்பர் பேண்டுக்குள் கிடக்கும்.

1963இல் வந்த அந்தப் புத்தகத்தை எழுதிய நாட்களில் தாம்ப்சன், லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஊர் ஊராகப் போய் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வருபவர்களும் அதில் உண்டு. எந்திரத்தை உடைத்த தொழிலாளியை விவரம் கெட்டவன் என்று தள்ளாமல், அவனுக்கு என்ன கூலி, எதற்குக் கோபம் என்று தேடும் புத்தி அங்கே வந்ததுதான் என்பார் சார்.

மார்பை மறைக்கும் உரிமைக்காகத் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைச் சார் பாடம் எடுக்கும்போதுதான் இதெல்லாம் எதற்கென்று பிடிபட்டது. பாடத்தில் 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பு இருந்தது, மிஷனரிகள் இருந்தார்கள். "அடி வாங்கினவ என்ன சொன்னா மக்களே, அது எங்க இருக்கு?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சரி, கேட்டு வாருங்கள் என்று பனைவிளைகளுக்கு அனுப்பினார். அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும் அடுப்பில் ஓலையைத் தள்ளிக்கொண்டே ஒரு பாட்டி, பனையேறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைநாருக்கும்கூட வரி கட்டிய காலத்தைச் சொன்னார். புகையில் என் நோட்டில் பாதி எழுத்து கோணலாகிப் போனது.

சார் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த 1956 நவம்பரில், அதாவது நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த அதே மாதத்தில், தாம்ப்சன் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறினார். இந்த இடம் வந்தால் மட்டும் சாருக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். 1976 கடைசியில், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, இந்திய வரலாற்றுப் பேரவைக்காகத் தாம்ப்சன் கோழிக்கோடு வரை வந்தார். போகாமல் விட்டது சாருக்குத் தீராத குறை.

அதற்காகத் தாம்ப்சனைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டார். இங்கிலாந்தில் கைத்தறி நொடித்ததை அத்தனை பக்கம் எழுதியவர், லங்காஷயர் துணி வந்து இறங்கிய நாடுகளில் தறி என்ன ஆனது என்று எழுதவில்லையே என்பார். இங்கே லண்டனில் ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னேன். இப்போது பலரும் சொல்லும் விமர்சனம்தான் என்றார் ஒரு பேராசிரியர். இருக்கலாம். நாங்கள் அதை வடசேரி டீக்கடையிலேயே கேட்டாயிற்று.