கரைப்பான் கூடத்தில் ஒரு ஹாய்ஸ்ட்: கொக்கி முதல் கேபிள் கிளாண்ட் வரை

கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களான டோலுவீன், ஹெக்சேன் ஆகியவற்றின் டிரம்களையும் மூலப்பொருள் மூட்டைகளையும் ரியாக்டர் கூடத்தின் மேல்தளத்துக்கு ஏற்ற எங்களிடம் நெடுங்காலமாகக் கையால் இழுக்கும் செயின் பிளாக்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு டன் மின் ஹாய்ஸ்ட் (மோட்டாரால் பளு தூக்கும் கருவி) பொருத்துவதென்று முடிவானபோது, வாங்குவது முதல் ஓட்டத்துக்கு விடுவது வரையிலான பொறுப்பு என்னிடம் வந்தது. இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அது நடந்த விதத்தை விவரமாக எழுதுகிறேன்.

விலை கேட்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியது இடத்தின் வகைப்பாடு, அதாவது எங்கே எந்த அளவுக்கு வெடிக்கும் ஆவி இருக்கக்கூடும் என்று பிரிப்பது. ஐ.எஸ். 5572 தரநிலைப்படி, ரியாக்டர் மேன்ஹோலை (மூலப்பொருளைப் போடும் வாய்) சுற்றியுள்ள பகுதி எங்கள் வரைபடத்தில் சோன் 1 (வழக்கமான ஓட்டத்திலேயே ஆவி அவ்வப்போது இருக்கக்கூடிய இடம்), அதற்கு அப்பால் சோன் 2 (ஆவி அரிதாக, சிறிது நேரம் மட்டும் இருக்கக்கூடிய இடம்). இங்கே எழுந்த முதல் வாதம் நியாயமானதாகவே தோன்றும்: ஹெக்சேன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது, அது தரையை நோக்கி இறங்கும், ஹாய்ஸ்டோ கூரைக்கு அருகில் இருக்கிறது, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று உற்பத்திப் பிரிவில் கேட்டார்கள். ஆனால் ஹாய்ஸ்டின் உடல்தான் மேலே இருக்கிறது. கொக்கியும் சங்கிலியும், இயக்குபவர் கையில் பிடிக்கும் பென்டன்ட் சுவிட்சும் மேன்ஹோலின் வாய் வரை இறங்கி வருகின்றன. ரியாக்டர் சூடாக இருக்கும்போது மேன்ஹோலைத் திறந்தால் வெதுவெதுப்பான ஆவி முதலில் மேல்நோக்கித்தான் எழும். ஆகவே கருவி முழுவதையும் சோன் 1 தகுதியோடு வாங்குவது என்று எழுதி, கையொப்பமும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் மோனோரயிலின், அதாவது ஹாய்ஸ்ட் தொங்கி ஓடும் ஒற்றைத் தண்டவாளத்தின் நீளம். பழைய ரயில் கரைப்பான் பகுதியைத் தாண்டி, ஹைட்ரஜனேட்டர் (ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி வினை நடத்தும் கலன்) இருக்கும் பக்கம் வரை ஓடியது. ஹைட்ரஜன் நேர்மாறானது, மேலே எழுந்து, ஹாய்ஸ்ட் ஓடும் உயரத்திலேயே கூரைக்கடியில் சேரும். ஹெக்சேன் ஆவியைப் பற்றவைக்க 0.24 மில்லிஜூல் அளவு ஆற்றல் வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் போதும். வெடிக்கும் வாயுக்களை அபாயத்தின் அளவைக் கொண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள்: டோலுவீனும் ஹெக்சேனும் வாயுக் குழு 2ஏ, ஹைட்ரஜன் அதைவிட அபாயமான 2சி. ஒரே ஹாய்ஸ்ட் இரண்டு பக்கமும் போக வேண்டுமானால் 2சி தகுதி தேவை. அதன் விலை ஒருபுறம் இருக்க, அந்தத் தகுதியில் உள்ள துணைக்கருவிகள் கிடைப்பதே கடினம். ரயிலை ஹைட்ரஜனேட்டர் பகுதிக்கு முன்பே வெட்டி, எண்ட் ஸ்டாப்பர் வைத்து நிறுத்திவிடச் சொன்னேன். அந்தப் பக்கம் பளு தூக்குவது ஆண்டுப் பராமரிப்பில் மட்டும்தான். அப்போது ஹைட்ரஜன் லைனைத் துண்டித்து, வாயு அளவைச் சோதித்து, பெர்மிட் வாங்கிய பிறகு செயின் பிளாக்கைக் கொண்டே வேலையை முடிக்கலாம். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் மிகவும் பயனுள்ளது இதுவே என்று இன்றும் கருதுகிறேன். அபாயப் பகுதியில் கருவியை வலுவாக்குவதைவிட, கருவி அங்கே போகாமல் செய்வது மேல்.

வெப்பநிலை வகுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹெக்சேன் தானே தீப்பற்றும் வெப்பநிலை 225 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால், கருவியின் எந்தப் பரப்பும் 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. இது டி3 வகுப்பு. நாங்கள் 135 டிகிரி வரம்புள்ள டி4 கேட்டோம். ஆனால் தனியாக வேறெதுவும் குறிப்பிடாவிட்டால், இந்த வகுப்புகள் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகாது என்ற அடிப்படையில் தரப்படுபவை. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் 40 டிகிரிக்குள் நிற்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். அதனால் 50 டிகிரி சுற்றுப்புறத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மோட்டார் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதினோம். மேன்ஹோலுக்கு மேலே மெதுவாக இறக்குவதற்கு, மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி தேவைப்பட்டது. அதைப் பாதுகாப்பான பகுதியில் உள்ள பேனல் அறையில் வைத்து, விஎஃப்டியில் ஓடுவதற்குச் சான்று பெற்ற, வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் பொருத்திய மோட்டாரைக் கேட்டோம்.

விலைப்புள்ளிகள் வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒரு நிறுவனம் 'முழுமையான ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத) ஹாய்ஸ்ட்' என்று எழுதி, மோட்டாருக்கு மட்டும் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் நகலை இணைத்திருந்தது. பிரேக்கின் மின்சுருளும், கொக்கியை எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்சும் சாதாரண வகை. இன்னொரு நிறுவனம் வெடிப்பு அபாயமுள்ள இடங்களுக்கான கருவிகளுக்குத் தரப்படும் ஐரோப்பிய ஏடெக்ஸ் சான்றிதழை மட்டும் காட்டியது. பெட்ரோலியம் விதிகள் 2002-க்கு உட்பட்ட எங்கள் இடத்தில் அது மட்டும் போதாது, பெசோவின் ஒப்புதலும் வேண்டும். மோட்டார், பிரேக், லிமிட் சுவிட்ச், ஜங்ஷன் பாக்ஸ், பென்டன்ட், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டு, ஒப்புதல் எண், மாடல், வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு, செல்லுபடியாகும் தேதி ஆகியவற்றை நிரப்பித் தரச் சொன்னேன். அந்தத் தாளை நிரப்ப முடியாதவர்கள் தாமாகவே விலகிக்கொண்டார்கள்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்ரோலியம் விதிகளின்கீழ் வரும் ஒப்புதல் மின் சாதனங்களுக்கானது. ஹாய்ஸ்டோ பாதிக்கு மேல் இயந்திரம்: கொக்கி டிரம்மில் மோதுகிறது, சங்கிலி உரசுகிறது, சக்கரம் ரயிலில் உருள்கிறது. ஏடெக்ஸ் ஆணை 2014/34 மின்சாரம் சாராத கருவிகளையும் உள்ளடக்கியது. அந்தப் பகுதிக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 80079-36. அதை வைத்துக்கொண்டு, மோதினாலும் உரசினாலும் தீப்பொறி எளிதில் எழாதபடி இயந்திரப் பாகங்களுக்கும் நிபந்தனை எழுதினோம்: கொக்கிக்கு வெண்கலப் பூச்சு, ட்ராலிச் சக்கரங்கள் வெண்கலத்தில், சங்கிலி துருப்பிடிக்காத எஃகில். இந்தச் சங்கிலி, அதே தடிமனுள்ள கலப்பு எஃகுச் சங்கிலி தாங்கும் பளுவைத் தாங்காது. ஆகவே ஒரு டன்னுக்கு அடுத்த பெரிய உடலை எடுக்க வேண்டியதாயிற்று. கொக்கி ஏறும் உயரமும் சற்றுக் குறைந்தது. வரைபடத்தில் இதை முன்பே பார்த்துக்கொள்ளாவிட்டால், பொருத்திய பிறகு டிரம் கைப்பிடிக் கம்பியைத் தாண்டாது.

ரயிலைப் பார்வையிட்டபோது கண்ணில் பட்டது அதன் வெள்ளி நிறப் பெயிண்ட். பல தொழிற்சாலைகளில் இரும்புச் சட்டங்களுக்கு அலுமினியம் பெயிண்ட் அடிப்பது வழக்கம். துருப்பிடித்த இரும்பின் மேல் அலுமினியம் இருக்க, அதன்மீது ஏதேனும் பலமாக மோதினால், இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் வினைபுரிந்து மிகுந்த வெப்பமுள்ள தீப்பொறியைத் தரும். வெண்கலச் சக்கரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அது உருளும் பாதையை அப்படியே விடுவதில் பொருளில்லை. ஆண்டு ஷட்டவுனில், கரைப்பான் முழுவதையும் அப்புறப்படுத்திய பிறகு, பழைய பூச்சைச் சுரண்டியெடுத்து எபாக்சி பெயிண்ட் அடித்தோம்.

ஹாய்ஸ்ட் தயாரிப்பாளரிடம் ஆய்வுக்குப் போகிறவர்கள் ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் கருவி) ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி உள்ளே வெடிப்பு நிகழ்வதைத் தடுப்பதில்லை. வெடித்தாலும் பெட்டி உடையாமல், தீச்சுவாலை மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி வழியே வரும்போது குளிர்ந்து அணைந்துவிட வேண்டும் என்பதே அதன் தத்துவம். ஜங்ஷன் பாக்ஸின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, மூடி உட்காரும் விளிம்பான ஃபிளாஞ்சின் இயந்திரத்தால் கடைந்த பரப்பில் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து காய்ந்திருந்தது. மூடியைப் பூட்டி கேஜை நுழைத்தால், அந்த ஓரத்தில் மட்டும் இடைவெளி சான்றிதழ் வரைபடத்தின் வரம்பை மீறியது. பரப்பைச் சுரண்டாமல், கரைப்பானால் துடைத்துச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் தடவி, மீண்டும் அளந்த பின்னரே கையொப்பமிட்டேன்.

பொருத்தும்போது மூன்று இடங்களில் நின்று பார்த்தேன். மின்சாரம் ட்ராலிக்குத் திறந்த மின்கம்பியான பஸ்பாரில் வராமல், ரயிலோடு மடிப்பு மடிப்பாகத் தொங்கி நகரும் ஃபெஸ்டூன் கேபிளில் வந்தது. சக்கரமும் ரயிலும் தொட்டுக்கொள்வதை எர்த்திங் என்று நம்பாமல், கேபிளிலேயே தனி எர்த் கோர் இழுக்கப்பட்டது. பயன்படுத்தாத கேபிள் துளைகள் பிளாஸ்டிக் மூடியால் அல்லாமல், சான்று பெற்ற ஸ்டாப்பிங் பிளக்கால் அடைக்கப்பட்டன.

ஸ்லிங் விஷயம் பலரும் கவனிக்காதது. தீப்பொறி வராது என்பதற்காகப் பாலியெஸ்டர் பெல்ட் ஸ்லிங்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது மின்கடத்தாப் பொருள். அதில் தொங்கும் இரும்பு டிரம் எர்த் இல்லாமல் தனித்து நிற்கிறது; அதில் சேரும் நிலைமின்சாரம் போக வழியில்லை. எனவே டிரம் மேல்தளத்தில் இறங்கியதும், மூடியைத் தொடுவதற்கு முன் எர்த் கிளாம்ப் மாட்ட வேண்டும் என்பதை இயக்கும் முறையில் முதல் வரியாக வைத்தோம்.

கரைப்பான் திரும்ப வருவதற்கு முன்பே, தகுதி வாய்ந்த நபரின் முன்னிலையில் 1.25 டன் எடையைத் தூக்கிப் பளுச் சோதனை முடிந்தது. அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 29-ஆம் பிரிவு, 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி வாய்ந்த நபர் ஹாய்ஸ்டை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழ் பளுவைப் பற்றியது மட்டுமே என்பதால், வெடிப்புப் பாதுகாப்புக்கென்று தனி அட்டவணை ஒன்று வைத்திருக்கிறோம்: கொக்கியின் வெண்கலப் பூச்சு தேய்ந்து எஃகு தெரிகிறதா, மூடியின் போல்ட்டுகள் அனைத்தும் இருக்கின்றனவா, கிளாண்ட் தளர்ந்திருக்கிறதா, எர்த் தொடர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்கிறோம். இந்த ஹாய்ஸ்டுக்கான சங்கிலி, லிமிட் சுவிட்ச், போல்ட் ஆகியவை ஸ்டோரில் தனி அலமாரியில் பூட்டப்பட்டுள்ளன. பழைய பாகத்தின் ஒப்புதல் எண்ணும் புதியதன் எண்ணும் பதிவேட்டில் ஒத்துப்போனால்தான் சாவி தரப்படும்.