கொடியில் காயும் கறி

ஏப்ரல் 8
அம்மாவுக்குக் கீமோ ஏற்றிவிட்டு மதுரையிலிருந்து கோட்டையூர் வந்து சேர ராத்திரி ஒன்பதரை. அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. "தண்ணிகூட இரும்பா இருக்குத்தா."

ஏப்ரல் 9
வாந்தி, நாலு தடவை.

ஏப்ரல் 11
வெள்ளைப் பணியாரம் ஊற்றினேன். தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டாம் தேதி விடியக்காலையில் இதையே ஆறு தின்றுவிட்டுத்தான் மருந்து ஏற்றப் போனாள். வெறும் வயிற்றோடு போகக்கூடாதென்று வற்புறுத்தியது நான்.

ஏப்ரல் 12
தூக்கம் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1955இல் ஜான் கார்சியா என்ற விஞ்ஞானி எலிகளுக்குச் சாக்கரின் போட்ட இனிப்புத் தண்ணீர் கொடுத்துக் கதிர்வீச்சில் வைத்தார். நோவு கதிர்வீச்சால், எலி வெறுத்தது தண்ணீரை. 1978இல் சியாட்டிலில் கீமோவுக்கு முன் ஐஸ்கிரீம் தின்ற பிள்ளைகள் பிறகு அதைத் தொடவே தயங்கினார்கள். மருந்துதான் காரணம் என்று தெரிந்தாலும் நாக்கு கேட்பதில்லை.

எனக்கு இதெல்லாம் படித்தா தெரியவேண்டும்? ஆறாம் வகுப்புக் கோடை லீவு. வளவில் உப்புக்கண்டத்துக்குக் கொடி கட்டி, கோணியூசியில் கோத்த கறி தொங்கும். உப்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி. காக்காய் விரட்டக் கம்போடு நான். நாலாம் நாள் காற்றடித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று தட்டிச் சுள்ளி மாதிரி சத்தம் போடும். பொரித்துத் தின்ற அன்றைக்கே வாந்தி. மறுவாரம் கண் மஞ்சள். காமாலைதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷமாக உப்புக்கண்டம் என்ற பேச்சுக்கே வயிறு புரட்டுகிறது.

ஏப்ரல் 15
அப்பத்தா ஞாபகம். அய்யா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஞப்பி, அதாவது பர்மா மீன் விழுது, ஜாடியைக் கிணற்றடி தாண்டி உள்ளே விடமாட்டாராம். அழுகின மீனாம். நெத்திலிக் கருவாடு மட்டும் தினப்படி அடுப்பில்! பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசிக்குக் கல்யாணப் பந்தியில் இடம் கிடைத்தது. ஞப்பி பாவம்.

ஏப்ரல் 19
எதிர்வீட்டு ஆச்சி கறி காயப்போட்டிருக்கிறார். அம்மாவுக்கு மணம் எட்டிவிட்டது. "நல்லெண்ணெயில நாலு துண்டு பொரிச்சுத் தா." பதினோரு நாளில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு. நர்ஸிடம் போனில் கேட்டேன். வெள்ளையணு இறங்கியிருக்கிற நாள், வெளியில் காய்ந்தது கூடவே கூடாது.

ஏப்ரல் 20
என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 26
ரத்தக் கணக்கு ஏறிவிட்டது. இனி நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாமாம். ஆச்சி ஒரு ஜாடி கொடுத்தனுப்பினார். வெந்நீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, அம்மியில் தட்டி, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு பொரித்தேன். பட்டாலையிலிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள். "பொணத்தையா பொரிக்கிற?"

மூன்று துண்டு, ரசம், ஒரு பிடி சோறு. நான் முற்றத்தில் நின்று எண்ணினேன்.

கை கழுவிவிட்டு, "மிச்சத்த இருபத்தொம்பது காலைல தின்னுட்டுப் புறப்படுறேன்" என்றாள்.

ஐயோ, அடுத்த மருந்து ஏற்றும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். ஜாடியை இரண்டாங்கட்டுப் பரணில் ஒளித்துவிட்டேன்.

ஏப்ரல் 28
அன்னாசி மிட்டாய் ஒரு பாக்கெட். 1987இல் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள்: சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் பழகாத ருசியில் ஒரு மிட்டாய். பழியை மிட்டாய் ஏற்றது, சாப்பாட்டின்மேல் வெறுப்பு குறைந்தது. இந்த வீட்டில் அன்னாசி மிட்டாய் போனால் அழ ஆளில்லை.

"நான் என்ன சின்னப்புள்ளையா?" என்றாள். வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 29, விடியக்காலை
நாலரைக்குக் கார். அடுப்படியில் நல்லெண்ணெய் வாசம். பரணில் ஜாடியைக் காணோம்.