3/2: ஒரு வாய்க்கால் பாலமும் எண்ணூறு மீட்டர் ரோடும்

எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்துக்கு அடியில் இப்போது தண்ணீர் ஓடுகிறது, மேலே மினி பஸ் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க 2021 நவம்பரிலிருந்து 2023 ஜூன் வரை ஆகிவிட்டது.

டெல்டாவில் ஒரு சின்னப் பேரூராட்சி. பாலம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், இரண்டு கண் சிறுபாலம்தான். அந்த வருஷ மழையில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் வாய்க்காலுக்குள் சாய்ந்தது, தளத்தின் அடியில் கம்பி பல்லிளித்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலம் வரை ரோடு இருந்த லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு, ரசீது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மனுவை நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பியிருப்பதாகத் தபால் வந்தது. அங்கே போனால், "அது எங்க ரோடு இல்லீங்க, பேரூராட்சியோடது" என்றார்கள். பேரூராட்சியில் கிளார்க் தலை நிமிராமலே, "அது ஹைவேஸ் சார்" என்றார். இப்படியே நாலு நடை.

வழி காட்டியது மதகு திறந்து தண்ணீர் விடுகிற வாய்க்கால் லஸ்கர்தான். "அண்ணே, பாலத்துச் சுவத்துல நம்பர் போட்டிருப்பாங்க, பாத்தீங்களா?" மிச்சமிருந்த சுவரில் தண்ணீர் தெளித்துப் போஸ்டர்களைச் சுரண்டினேன். கட்சிக் கூட்டம், அதற்கடியில் காதணி விழா, அதற்கும் அடியில் கண்ணீர் அஞ்சலி. கடைசியாகக் கறுப்புப் பெயிண்டில் 3/2. மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டாவது சிறுபாலம் என்று அர்த்தம், நெடுஞ்சாலைக்காரர்கள் போடுகிற எண்.

போட்டோவோடு ராஜநடை போட்டுப் போனேன். உதவிப் பொறியாளர் பார்த்துச் சிரித்தார். "நம்பர் எங்களுதுதான். பைபாஸ் வந்தப்பவே பழைய ரோட்டைப் பேரூராட்சிக்கு ஒப்படைச்சாச்சு." கடிதம்? "அவங்ககிட்ட இருக்கும்." அவர்களிடம் இல்லை.

பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். "பாலத்தை ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டுவிட்டேன். காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று முப்பதாவது நாள் ஒற்றை வரியில் பதில். இரண்டாவது மனுவில் ஏன், எதற்கு எதுவும் இல்லை, ஒப்படைப்புக் கடிதத்தின் நகல் மட்டும். அதையும் வாங்கியவர்களிடம் கேட்காமல் கொடுத்தவர்களிடம் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், இரண்டு பக்கம். அதில் இருந்தது நான் தேடிய வார்த்தை: "சிறுபாலங்கள் உட்பட". பேரூராட்சிச் செயல் அலுவலர் அதைப் படித்த பிறகு யாரும் ஹைவேஸ் பெயரை எடுக்கவில்லை.

ஆனால் நகல் கைக்கு வந்த வாரமே, 2022 ஜனவரி 26 அன்று, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பும் வந்துவிட்டது. நடத்தை விதி, புது வேலை கிடையாது. மார்ச் 2-ல் புதுக் கவுன்சில் பதவியேற்றதும் தீர்மானம், மதிப்பீடு, டெண்டர் எல்லாம் மளமளவென்று நடந்தன.

பாலம் பேரூராட்சியுடையது, வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்காமல் ஒரு கல் நகர்த்த முடியாது. விண்ணப்பம் ஆறு வாரம் தூங்கியது. போய்க் கேட்டால், வரைபடத்தில் அதிகபட்ச நீர்மட்டம் குறிக்கவில்லையாம். அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சான்று வந்தபோது மே மாதம் பாதி தாண்டிவிட்டது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல்தானே திறக்கும், தளத்தையாவது போட்டுவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். அந்த வருஷம் பார்த்து மே 24-லேயே திறந்துவிட்டார்கள். ஊரே கும்பிட்டது. எனக்கும் ஒன்றரை மா நிலம் இருக்கிறது, நானும் கும்பிட்டேன். கம்பி மூட்டை மட்டும் பாலத்தடியில் துருப்பிடிக்க ஆரம்பித்தது.

டெல்டாவில் வாய்க்கால் வேலைக்கு, மேட்டூரை வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் நடுவில்தான் இடம். தை மாதம் வாய்க்கால் காயும்போது எல்லாச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் மனு எழுத உட்கார்ந்தால் என் கதிதான்.

இதற்கிடையில், "ரோட்டையாவது போட்ருவோம், பணம் திரும்பிப் போயிடும்" என்றார்கள். நான் மறித்தேன். பாலத்துக்கான ஜல்லி லாரியும் ஜேசிபியும் அந்தப் புது ரோட்டில்தானே வரவேண்டும்? அதற்காக ஒரு வருஷம் எங்கள் தெருவே புழுதி தின்றது. எதிர்வீட்டு அத்தை இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

2023 பிப்ரவரியில் பாலம் தொடங்கி, சிக்கலில்லாமல் முடிந்தது.

ரோட்டில்தான் அடுத்த மல்லுக்கட்டு. பழைய தாரின் மேலேயே புதுசைப் போட வந்தார்கள். ஏற்கெனவே ரோடு உயர்ந்து என் வீட்டு வாசலில் இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு பிறப்பித்த உத்தரவைச் சொன்னேன். "அது மெட்ராஸுக்கு சார்" என்றார் சூப்பர்வைசர். பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய்ச் செயல் அலுவலர் மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் சுரண்டும் இயந்திரம் வந்தது. மிச்சமிருந்த படிகள் பிழைத்தன.

வேலையை நேரில் பார்க்கவும், பொருளின் மாதிரி எடுக்கவும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவில் இடமிருக்கிறது. நான் மாதிரி எடுக்கவில்லை. எடுக்கப்போவதாகச் சொன்னேன், அன்றைக்குத் தார் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

ஒன்றைக் கோட்டை விட்டேன். குடிநீர் இணைப்பு யார் யாருக்குப் பாக்கி என்று முன்னாடியே பட்டியல் கேட்டிருக்க வேண்டும். ரோடு போட்டு இரண்டே வாரத்தில் நாலு இடத்தில் வெட்டிக் குழாய் பதித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்காக அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மறுபடி போகிறேன்.

புதுச் சுவரில் யாரும் எண் போடவில்லை. நானே கால் லிட்டர் பெயிண்ட் வாங்கி 3/2 என்று எழுதினேன். நேற்றுக் காலை பார்த்தால் அதன்மேல் ஒரு காதணி விழாப் போஸ்டர்.